ரேடியோவில் பல வருடம் பேசியாச்சு, இனி டிஜே, மியூசிக் ப்ரொடியூசர் பக்கம் போகலாமா?

மாலைநேர_ஆர்ஜே:

எல்லோருக்கும் வணக்கம். எஃப்எம் நிலையம் ஒன்றில் மாலை நிகழ்ச்சி செய்கிறேன், பல வருடமாக அதே நேரம், அதே மைக். பேசுவது இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச காலமாகவே மனசு பேச்சில் நிற்கவில்லை, பேச்சுக்கு நடுவில் ஓடும் பாட்டிலேயே இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடம் சரியாக விழுந்துவிட்டால் அன்றைக்கு வேறு எதுவுமே வேண்டாம் போலத் தோன்றும். வீட்டில் ஒரு சின்ன கன்ட்ரோலர் வைத்து மிக்ஸ் பழகுகிறேன், ஏபிள்டன் என்ற இசை மென்பொருளில் சில டிராக்குகள் பாதியில் நிற்கின்றன. நிலையத்தில் பாட்டை நான் தேர்ந்தெடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிளேலிஸ்ட் தயாராக வந்துவிடும்.

கேட்க வந்தது இதுதான். ரேடியோவில் கற்றதில் எது டிஜே வேலைக்குக் கைகொடுக்கும், எது கொடுக்காது? டிஜேயிங்கையும் ப்ரொடக்ஷனையும் சேர்த்தே கற்கலாமா, ஒன்றைப் பிடித்த பிறகுதான் மற்றதா? வேலையை விட்டால்தான் முடியுமா? இந்த வழியில் போனவர்கள், போனவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படிப்பேன்.

நாலாவது_பீட்:

கிளப்பில் வாசிப்பவன் என்ற முறையில் டிஜே பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ப்ரொடக்ஷன் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் உங்களிடம் ஏற்கனவே இருப்பது. பாட்டின் முன்னிசை ஓடும்போது பேசிக்கொண்டே வந்து, பாடகர் வாயைத் திறப்பதற்குச் சற்று முன்னால் வாக்கியத்தை முடிப்பீர்கள் அல்லவா, கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல்? ரேடியோவில் இருப்பவர்கள் இதை ஒரு திறமையாகவே எண்ணுவதில்லை, ஆனால் புதிதாக டிஜேயிங் பழகுபவர்கள் திணறுவது இங்கேதான். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 128 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 128 அடியில், ஓடும் டிராக்கில் 16 பார் (ஒரு பார் நான்கு அடி) என்பது சரியாக 30 நொடி, 32 பார் என்றால் ஒரு நிமிடம். முப்பது நொடி விளம்பரம் எவ்வளவு நேரம் ஓடும் என்பது உங்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். நடன இசை பெரும்பாலும் 8, 16, 32 பார் என்று கட்டம் கட்டமாகத்தான் மாறும், அந்தக் கட்டத்தின் முதல் அடியில் அடுத்த டிராக்கை விடுவதுதான் மிக்ஸிங்கில் பாதி வேலை. நீங்கள் எண்ணிக் கற்க வேண்டியதில்லை, ஏற்கனவே இருக்கும் நேர உணர்வைப் பார் கணக்கோடு பொருத்திக்கொண்டால் போதும்.

இப்போது கைகொடுக்காதது. ரேடியோவில் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையைத் தொட்டால் போதும், நடுவில் ஒரு ஜிங்கிள் வைத்தால் எதுவும் எதோடும் ஒட்டிவிடும். டான்ஸ் ஃப்ளோரில் இரண்டு டிராக் ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் சேர்ந்தே ஓடும். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு கிக் டிரம்மும், அதாவது தாளத்தின் கனமான அடியும், ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும், இரண்டு பேஸும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது, ஒன்றின் லோ ஈக்யூவை (தாழ்ந்த ஒலியின் அளவை) இறக்கிக்கொண்டே மற்றதை ஏற்ற வேண்டும். 124 இல் இருக்கும் டிராக்கை 128 க்குக் கொண்டுவர ஏறக்குறைய 3.2 சதவீதம் வேகம் கூட்ட வேண்டும். கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் வைக்கும் வசதி) இல்லாமல் 6 சதவீதம் வரை போய்விட்டால் சுருதியே ஏறக்குறைய அரை சுரம் ஏறிவிடும், பாடியவரின் குரல் வேறு ஆளின் குரல்போல் கேட்கும். சிங்க் பட்டனை அமுக்கினால் வேகம் தானாகப் பொருந்தும், அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பழகும் காலத்தில் அதை அணைத்துவிட்டுக் காதாலேயே பொருத்திப் பாருங்கள், இரண்டு கிக் விலகத் தொடங்குவதைத் திரையைப் பார்க்காமலே பிடிக்கிற காது அப்படித்தான் வரும்.

பெரிய வித்தியாசம் இன்னொன்று. ரேடியோ கேட்பவர் ஸ்டேஷனை மாற்றினால் உங்களுக்குத் தெரியாது. ஃப்ளோரில் ஒருவர் கிளம்பினால் கண்ணெதிரே தெரியும், பின்னால் நான்கு பேர் போவார்கள். அப்போது பதறி உடனே பாட்டை மாற்றுவது ரேடியோவிலிருந்து வருபவர்களிடம் நான் நிறையப் பார்த்த பழக்கம், மௌனம் விழுந்துவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்குள் ஊறியிருக்கிறது. ஒரு டிராக்குக்கு மூன்று நான்கு நிமிடம் இடம் கொடுத்தால்தான் கூட்டம் அதற்குள் இறங்கும். அப்புறம், மைக்கைத் தொடாதீர்கள். நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஏற்பாட்டாளரே "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்பார். வரவேற்பு ஒன்று, முடிவில் நன்றி ஒன்று, அதற்குமேல் வேண்டாம். ஆரம்பத்தில் வார்ம்அப் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். காலி ஃப்ளோரை மெல்ல மெல்ல நிரப்பி, உச்சத்தை எட்டாமல் அடுத்தவரிடம் ஒப்படைப்பதில் கிடைக்கும் பாடம் நடுராத்திரி நேரத்தில் கிடைக்காது.

பழைய_ரெக்கார்டு:

நீங்கள் கேட்கும் பாதையில் முன்னாடியே நிறையப் பேர் நடந்திருக்கிறார்கள். அவர்களை உற்றுப் பார்த்தால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

சிகாகோவில் 1981 இல் டபிள்யூபிஎம்எக்ஸ் என்ற வானொலி ஐந்து டிஜேக்களைச் சேர்த்து ஹாட் மிக்ஸ் ஃபைவ் என்று ஒரு குழு வைத்தது. அவர்கள் பேசியது குறைவு, ரேடியோவிலேயே இடைவெளி இல்லாமல் மிக்ஸ் செய்தார்கள், அந்த நகரத்தில் ஹவுஸ் என்ற நடன இசை வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததில் அந்த நிகழ்ச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஐவரில் ஒருவரான ஃபார்லி ஜாக்மாஸ்டர் ஃபங்க் சொந்தமாக ரெக்கார்டு செய்யத் தொடங்கி, 1986 இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 10 ஆம் இடம் வரை போனார். ரால்ஃபி ரொசாரியோவும் அதே குழுவிலிருந்து வந்து ப்ரொடியூசரானவர்தான். டெட்ராய்ட்டில் ஜெஃப் மில்ஸ் 80 களில் விசார்ட் என்ற பெயரில் ரேடியோவில் அசுர வேகத்தில் மிக்ஸ் செய்துகொண்டிருந்தார், அப்புறம் மைக் பேங்க்ஸோடு சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ குழுவைத் தொடங்கினார், 1992 இல் ஆக்ஸிஸ் என்று தனி லேபிளே (பாட்டு வெளியிடும் நிறுவனம்) ஆரம்பித்துவிட்டார். நியூயார்க்கில் மார்லி மார்ல். மிஸ்டர் மேஜிக்கின் ராப் நிகழ்ச்சியில் டிஜேயாக இருந்துகொண்டே பழைய ரெக்கார்டுகளிலிருந்து ஒற்றை டிரம் அடிகளைச் சாம்ப்ளரில் (ஒலித் துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) பிடித்துப் புதிய தாளம் கட்டியவர், ஹிப்ஹாப் ப்ரொடக்ஷன் போன திசையே அதனால் மாறியது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ரேடியோவில் இருந்தபோதே அவர்கள் கை பாட்டின்மேல் இருந்தது. எதை வாசிப்பது, எங்கே வெட்டுவது, எதோடு சேர்ப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்திய வரி "பாட்டை நான் தேர்ந்தெடுப்பதில்லை" என்பதுதான். வேலையை விடுவதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் நிலையத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு நேரத்தைக் கேளுங்கள், வார இறுதி நள்ளிரவு, விடிகாலை, எதுவானாலும் சரி. அதில் ஒரு மணி நேரம் பாட்டு உங்கள் தேர்வு, மிக்ஸ் உங்கள் கை. விளம்பர வருமானம் குறைவான நேரம் என்பதால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகையும் உண்டு. பிரிட்டிஷ் டிஜே பீட் டாங் 1991 இல் பிபிசி ரேடியோ 1 க்கு வந்தார், 1993 முதல் அங்கே எசென்ஷியல் மிக்ஸ் ஓடுகிறது, வாரம் ஒரு டிஜே, இரண்டு மணி நேரம். ஜைல்ஸ் பீட்டர்சன் உரிமம் இல்லாத திருட்டு ரேடியோக்களில் தொடங்கி, ஆசிட் ஜாஸ், டாக்கிங் லவுட், பிரவுன்ஸ்வுட் என்று லேபிள்கள் நடத்தியவர், இன்றும் ரேடியோவில் இருக்கிறார். இவர்களைத் தூக்கி நிறுத்தியது தேர்வுதான், அடுத்து எது வரப்போகிறது என்பதைக் காதால் பிடிப்பது. எதிர்த்திசையில் ஆர்மின் வான் ப்யூரன், ப்ரொடியூசராக இருந்துகொண்டே 2001 முதல் வாராவாரம் ஒரு ரேடியோ நிகழ்ச்சி நடத்துகிறார். பெரிய மேடைகளுக்குப் போன பிறகும் அவர் ரேடியோவை விடவில்லை. நீங்கள் எதற்கு விட வேண்டும்?

மோனோ_பேஸ்:

ப்ரொடக்ஷன் பக்கம் நான். சேர்த்தே கற்கலாமா என்று கேட்டீர்கள், தாராளமாக, சொல்லப்போனால் சேர்த்துக் கற்பதுதான் நல்லது. டிராக்கைச் செய்து முடித்த வாரமே வேறு இரண்டு டிராக்குகளுக்கு நடுவில் வைத்து வாசித்துப் பார்த்தால், பத்து பேரிடம் கருத்துக் கேட்பதைவிட அதிகமாகத் தெரிந்துவிடும். முன்னிசையில் மிக்ஸ் செய்ய 16 பார் வெறும் டிரம் விடவில்லை என்பதும், உங்கள் கிக் பக்கத்து டிராக்கின் கிக்கிடம் தோற்பதும் அங்கே உடனே கேட்கும்.

ஆனால் ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் காது பல வருடமாக ஒளிபரப்புச் சத்தத்துக்குப் பழகியது. எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே போகாது, அதற்கு முன்னால் நிலையத்தின் ப்ராசஸர் எல்லாவற்றையும் இறுக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். மெல்லிய இடமும் உரத்த இடமும் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த இறுக்கத்தையே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும், அப்படிப்பட்டவர்கள் முதல் டிராக்கிலேயே மாஸ்டரில், அதாவது எல்லா ஒலியும் சேரும் கடைசிப் பாதையில், லிமிட்டரை (உச்ச சத்தத்தை அமுக்கும் கருவி) போட்டு நசுக்குவார்கள். ஏபிள்டனில் மாஸ்டர் டிராக்கில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, உச்சத்துக்குக் கீழே 6 டெசிபல் இடம் விட்டு வேலை செய்யுங்கள். சத்தமாக்குவது கடைசி வேலை. ஸ்பாட்டிஃபை எப்படியும் -14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்கு மட்டப்படுத்தித்தான் கேட்பவருக்குக் கொடுக்கிறது, ஐரோப்பிய ஒளிபரப்பில் 2010 இல் வந்த ஆர்128 என்ற சத்த அளவுப் பரிந்துரை -23. நசுக்கியதால் அங்கே கூடுதல் சத்தம் கிடைக்காது, அடியின் கூர்மைதான் போகும்.

பேஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். சாதாரண அறையில் அது சுவரில் மோதித் திரும்பி, ஒரு மூலையில் இரண்டு மடங்காகவும் நடு அறையில் ஒன்றுமே இல்லாததுபோலவும் கேட்கும். நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் உங்கள் மிக்ஸே மாறிவிடும், நகர்த்திப் பாருங்கள். அதனால் அறையை நம்பிப் பேஸை முடிவு செய்யாமல், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, வெளியான டிராக் ஒன்றை அதே ப்ராஜெக்டில் போட்டு, சத்தத்தைச் சமமாக்கி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். நல்ல ஹெட்போனிலும் சரிபாருங்கள். தாழ்ந்த ஒலிப்பகுதி முழுக்க மோனோவில் (இடது வலது பிரியாமல் ஒரே ஒலியாக) இருக்கட்டும், நிறைய கிளப்களில் சப் வூஃபர் மோனோவில்தான் ஓடுகிறது, அகலமாக்கிய பேஸ் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காணாமல் போய்விடும்.

சரி, உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து, குரல். மைக்குக்கு எவ்வளவு பக்கம் போனால் குரல் எவ்வளவு கனக்கும், "ச" எங்கே சீறும், மூச்சை எங்கே வெட்டலாம் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வீட்டில் ப்ரொடியூஸ் செய்பவர்களில் பலர் குரல் வேண்டும் என்றால் சாம்பிள் பேக்கைத்தான் (தயார் ஒலித் துண்டுகளின் தொகுப்பு) தேடுகிறார்கள், அதே சாம்பிள் நூறு பேரின் டிராக்கில் இருக்கும். நீங்கள் ஒரு வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்து, அதைச் சாம்ப்ளரில் போட்டு, எழுத்து எழுத்தாக நறுக்கி, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்கி, கிக்குக்கு நடுவில் வரும் ஆஃப்பீட்டில் வைத்துப் பாருங்கள். சொல் கரைந்துபோய்த் தாளம் மட்டும் நிற்கும். யாராலும் நகலெடுக்க முடியாத ஒலி உங்கள் தொண்டையிலேயே இருக்கிறது.

மாலைநேர_ஆர்ஜே:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 30 நொடி, 16 பார் கணக்கைப் படித்தவுடன் ஒரு டிராக்கைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன், கட்டம் மாறும் இடம் எனக்கு முன்கூட்டியே தெரிகிறது! நள்ளிரவு நேரம் கேட்கும் யோசனை மிகவும் பிடித்திருக்கிறது, நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் பேசப்போகிறேன். அப்படிக் கிடைத்தால் என் சொந்த டிராக்குகளையும் அதில் ஒலிபரப்பலாமா? நிலையத்தில் என்னைக் கூப்பிடும் பெயரிலேயே டிராக் வெளியிடலாமா?

ஒப்பந்தம்_படி:

இதற்குத்தான் காத்திருந்தேன். இசை ஒப்பந்தங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறுபடும், ஆனால் சிக்கல் வரும் இடங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் பெயர். நிகழ்ச்சியில் பயன்படுத்தும் பெயரும் நிகழ்ச்சியின் பெயரும் நிலையத்துக்குச் சொந்தம் என்று பல வேலை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். உங்களுடையதை இன்றே எடுத்துப் படியுங்கள். வெளியில் வாசிக்க அனுமதி தேவையா, பணி நேரத்தில் நிலையத்தின் ஸ்டுடியோவில் செய்த பதிவு யாருக்குச் சொந்தம், விலகிய பிறகு எத்தனை மாதம் வேறு நிலையத்துக்குப் போகக் கூடாது, இந்த மூன்றையும் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் தனிப் பெயரில் வெளியிடுங்கள். தனிப் பெயரைப் பின்னால் இணைத்துக்கொள்ளலாம், நிலையத்தின் பெயரில் நான்கு டிராக் வெளியான பிறகு பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம். டிராக் வேலை முழுவதும் வீட்டில், உங்கள் சொந்தக் கருவியில் நடக்கட்டும்.

சொந்தப் பாட்டை ஒலிபரப்புவது கவனமாக இருக்க வேண்டிய விஷயம். ஒலிபரப்பினால் உரிமைத்தொகை உங்களுக்கு வரும், அதாவது எதை ஒலிபரப்புவது என்ற முடிவில் உங்களுக்குப் பண லாபம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆலன் ஃப்ரீட் என்ற புகழ்பெற்ற வானொலி டிஜேயின் கதை இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சக் பெர்ரியின் 1955 ஆம் ஆண்டு முதல் வெற்றிப் பாட்டில் ஃப்ரீடின் பெயரும் எழுதியவராகச் சேர்க்கப்பட்டது, அது நீக்கப்பட்டது 1986 இல்தான். காசு வாங்கிக்கொண்டு பாட்டை ஒலிபரப்பும் பழக்கம் 1959 இல் பெரிய விவகாரமாக வெடித்து, 1960 இல் அதற்கெதிராகச் சட்டத் திருத்தம் வந்தது. 1962 இல் ஃப்ரீட் வணிக லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ராக் அண்ட் ரோலை அவ்வளவு பேரிடம் கொண்டுசேர்த்த மனிதரின் வாழ்க்கை அதோடு சரிந்தது. உங்கள் விஷயம் அந்த அளவுக்கு இல்லை, இருந்தாலும் வழி ஒன்றுதான்: நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அந்த டிராக்கைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை வேறொருவர் முடிவு செய்யட்டும், ஒலிபரப்பும்போது "இது நான் செய்தது" என்று கேட்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். மறைக்காதவரை கேட்பவர்கள் ஆசையோடுதான் கேட்பார்கள்.

பிறர் பாட்டிலிருந்து சாம்பிள் எடுத்தால் இரண்டு அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், பதிவுக்கு ஒன்று, பாட்டை இயற்றியவருக்கு ஒன்று. நிலையத்துக்கு இருக்கும் ஒலிபரப்பு உரிமம் உங்கள் டிராக்கைக் காப்பாற்றாது. நிலையத்தின் நூலகத்தில் இருக்கும் பாட்டைக் கொஞ்சம் நறுக்கிப் போட்டாலும் வெளியிடும்போது அது தனி விஷயம். இருவராகச் சேர்ந்து டிராக் செய்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை அன்றைக்கே எழுதி இருவரும் ஒப்புக்கொண்டுவிடுங்கள், ஒரு மின்னஞ்சல்கூட ஒன்றுமே இல்லாததற்குப் பரவாயில்லை.

மோனோ_பேஸ்:

மேலே சொன்னது எல்லாம் சரி. பாதியில் நிற்கும் டிராக்குகள் என்றீர்களே, அதற்கு ஒரு வழி. உங்கள் நிகழ்ச்சி தினமும் குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடும், தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும். ப்ரொடக்ஷனில் அப்படி யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், எட்டு பார் லூப்பையே (சுற்றிச் சுற்றி ஓடும் துண்டு) மாதக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். நள்ளிரவு நேரம் கிடைத்தால் மாதக் கடைசி நிகழ்ச்சியில் புது டிராக் ஒன்று போவதாக முடிவு செய்துகொள்ளுங்கள், சொன்ன அனுமதி எல்லாம் வாங்கிய பிறகுதான். இப்போதே அந்தப் பாதி டிராக்குகளில் ஒன்றைத் திறந்து, லூப்பை 16 பார் கட்டங்களாக ஐந்து நிமிடத்துக்குப் பரப்பிப் போடுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எதை எடுப்பது எதை விடுவது என்று மட்டும் பாருங்கள். புதிதாக ஒரு ஒலியும் சேர்க்காதீர்கள்.

நாலாவது_பீட்:

ஒன்று விட்டுப்போயிற்று, காது. பகலில் ஸ்டுடியோ ஹெட்போன், ராத்திரி டிஜே பூத், இரண்டும் சேர்ந்தால் காது தாங்காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷின் பரிந்துரை, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பூத்தில் 100 என்பது சர்வ சாதாரணம். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் இயர்ப்ளக் எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும், பஞ்சு மாதிரி மந்தமாக்காது. முதல் நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே வாங்கிப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், மானிட்டர் ஸ்பீக்கரைக் காது மட்டத்துக்குத் திருப்பி வைத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு நேரம் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், நான் நிச்சயம் கேட்பேன்.